தெருவிலிருந்து வீட்டுக்குள்: குடும்பக் கிறிஸ்துமஸ் உருவான வரலாறு

1843ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வாழ்த்து அட்டை வெளியானது. ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர் கேட்டுக்கொள்ள, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தது. வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். விலை ஒரு ஷில்லிங். படம் மூன்று கட்டங்களாகப் பிரிந்திருக்கும். நடுவில் தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தைகள்வரை ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து, பார்ப்பவரை நோக்கி மதுக்கோப்பையை உயர்த்துகிறது. இரு பக்கச் சிறு கட்டங்களில் பசித்தவருக்கு உணவும் இல்லாதவருக்குத் துணியும் வழங்கப்படுகின்றன. சின்னக் குழந்தையின் வாயருகே மதுவைக் கொண்டுபோகிறார்களே என்று அன்றைய மதுவிலக்குக்காரர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த அட்டையில் முக்கியமாகப் படுவது கட்டங்களின் இடவரிசை. குடும்பம் நடுவில் இருக்கிறது, ஏழைகள் ஓரத்தில் இருக்கிறார்கள். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு யாராவது கிறிஸ்துமஸைப் படமாக வரைந்திருந்தால், நடுக்கட்டத்தில் நிலக்கிழார் வீட்டு வாசலும் அங்கே கூடி நிற்கும் பண்ணையாட்களும்தான் இருந்திருப்பார்கள்.

மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் என்றதும் நம் மனத்தில் விரியும் காட்சி ஒன்றுண்டு. கூடத்தில் அலங்கரித்த மரம், அதனடியில் வண்ணத்தாள் சுற்றிய பரிசுகள், சமையலறையிலிருந்து வரும் மணம், ஊரிலிருந்து வந்து சேர்ந்த சொந்தங்கள், விடியுமுன்பே எழுந்துவிட்ட பிள்ளைகள். மாட்டுத்தொழுவத்துக் கதை அளவுக்கு இதுவும் பழையது என்று தோன்றும். உண்மையில் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் கொண்டாடும் இந்தக் கிறிஸ்துமஸ், ஏறக்குறைய 1810க்கும் 1850க்கும் இடையில் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களிலும் நடுத்தர வர்க்கம் தனக்காக அமைத்துக்கொண்டது. ஸ்டீபன் நிசன்பாம் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூல் இந்த மாற்றத்தின் அமெரிக்கப் பக்கத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அவர் வாதத்தின் பெரும்பகுதியை இந்தக் கட்டுரையும் ஏற்கிறது. ஆனால் அவர் அதிகம் நிற்காத இடமான அடுப்படியில் நாம் சற்றுக் கூடுதலாக நின்றாக வேண்டும்.

பழைய கிறிஸ்துமஸுக்கு அடித்தளம் வேளாண்மைதான். வட ஐரோப்பாவில் டிசம்பருக்குள் அறுவடை முடிந்து தானியம் களஞ்சியம் சேர்ந்துவிடும். பனிக்காலம் முழுவதும் தீவனம் போட்டுக் காக்க முடியாத கால்நடைகளை வெட்டிவிடுவார்கள். புதிய இறைச்சி தாராளமாகக் கிடைக்கும் காலம் அது. அந்த ஆண்டுத் தானியத்தில் காய்ச்சிய பீரும் பதமாகியிருக்கும். கையில் வேலை இல்லை, வயிற்றுக்குக் குறைவில்லை. இளைஞர்களும் பண்ணையாட்களும் கூட்டமாகப் பாடிக்கொண்டு பெரிய வீட்டு வாசலுக்குப் போவார்கள். அவர்களை உள்ளே அழைத்து, வீட்டில் இருப்பதில் நல்லதைத் தின்னவும் குடிக்கவும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வாழ்த்துப் பாட்டு. மறுத்தால் வசைப்பாட்டு, சில சமயம் கதவுக்கும் சன்னலுக்கும் சேதம். ஆண்டு முழுவதும் குனிந்து நின்றவர்கள் அன்று நிமிர்ந்து நின்று கேட்டார்கள், ஆண்டைகளும் கொடுத்தார்கள். பண்டிகை முடிந்ததும் பழைய ஒழுங்கு திரும்பிவிடும். பரிசு அன்றும் இருந்தது. அது மேலிருப்பவரிடமிருந்து கீழிருப்பவருக்குப் போனதே தவிர, ஒரே குடும்பத்துக்குள் சுற்றி வரவில்லை.

கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்கள் இந்தப் பண்டிகையை வெறுத்ததற்கு வேதாகமத்தில் இயேசு பிறந்த தேதி இல்லை என்பது ஒரு காரணம். குடியும் சூதும் கும்பலும் இன்னொரு காரணம். இரண்டாவதுதான் அவர்களை அதிகம் வாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். 1647 ஜூனில் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உள்ளிட்ட திருநாட்களை ஒழித்து ஆணை பிறப்பித்தது. அந்த டிசம்பரில் கான்டர்பரி நகரில் கடைகளைத் திறந்துவைக்கச் சொன்னதால் கலவரம் மூண்டது. கடல் கடந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் ஒரு சட்டம் வந்தது. வேலைக்குப் போகாமலோ விருந்துண்டோ கிறிஸ்துமஸ் கொண்டாடுபவருக்கு 5 ஷில்லிங் அபராதம். 1681வரை அந்தச் சட்டம் இருந்தது. இங்கிலாந்தில் 1660இல் முடியாட்சி திரும்பியதோடு தடை போயிற்று. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபை மட்டும் நெடுநாள் இறங்கி வரவில்லை. அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான்.

தடை தோற்றாலும் அதன் பின்னிருந்த கவலை போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தில் அது வேறு வடிவம் எடுத்தது. 1800இல் சுமார் 60,000 பேர் வாழ்ந்த நகரம் அது. 1830இல் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிராமத்தில் கூலிக்காரர் யார், ஆண்டை யார் என்று இருவருக்கும் தெரியும். வாசலில் பாடி நிற்பவரின் பெயரும் தெரியும். நகரத்தில் டிசம்பர் இரவில் தகரம் தட்டி, கொம்பூதி வரும் கூட்டம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. துறைமுகம் பனியில் உறைந்து வேலையில்லாமல் இருக்கும் கூலிகள் அதில் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரை அந்தக் கூட்டங்கள் போட்ட ஆரவாரம் செல்வர்களை நடுங்க வைத்தது. அவர்களில் ஒருவர் ஜான் பின்டார்டு. நியூயார்க் வரலாற்றுக் கழகத்தை 1804இல் நிறுவியவர்களில் முதன்மையானவர், வணிகர். தெருக்கூட்டம் இரவெல்லாம் தூங்கவிடவில்லை என்று தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறைபட்டுக்கொள்கிறார்.

பின்டார்டு ஒரு மாற்று தேடினார். நியூயார்க்கின் பழைய டச்சுக் குடிகளின் புனிதர் என்று செயின்ட் நிக்கலஸை முன்னிறுத்தி, 1810 டிசம்பர் 6 அன்று வரலாற்றுக் கழகத்தில் ஒரு விருந்து நடத்தினார். புனிதரின் படம் போட்ட தாளும் அச்சிட்டு வழங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு வாஷிங்டன் இர்விங் எழுதிய நியூயார்க் பற்றிய எள்ளல் வரலாற்றிலும் இதே புனிதர் அடிக்கடி வருகிறார். பிறகு 1823 டிசம்பர் 23 அன்று ட்ராய் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில், அந்தப் புனிதரின் வருகையைப் பாடும் கவிதை ஒன்று ஆசிரியர் பெயரில்லாமல் வெளியானது. எழுதியவர் கிளமென்ட் கிளார்க் மூர் என்பது பொதுக்கருத்து, மறுப்பவர்களும் உண்டு. மூர் மன்ஹாட்டனில் பெரும் நிலச்சொந்தக்காரர், இறையியல் கல்லூரிப் பேராசிரியர். இன்று உலகம் முழுவதும் தெரிந்த கலைமான் வண்டி, புகைபோக்கி, காலுறை எல்லாம் அந்தக் கவிதையில் ஒன்றுசேர்கின்றன.

அந்தக் கவிதையின் நிகழ்ச்சியை வெறும் செயலாகப் பாருங்கள். நள்ளிரவில் வெளியே சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுகிறார். தெருப்பொருள் விற்பவனைப் போன்ற தோற்றமுடைய ஒருவன், புகைபடிந்த உடையோடு வீட்டுக்குள் இறங்குகிறான். பழைய கிறிஸ்துமஸின் பயங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால் வந்தவன் எதுவும் கேட்பதில்லை. குடிக்கக் கேட்கவில்லை, பாடவில்லை, வீட்டுக்குள் ஒரு சொல் பேசவில்லை. பிள்ளைகளின் காலுறைகளை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறான். வாசலில் வந்து நின்று வாங்கும் ஏழையின் இடத்தில், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் சொந்தப் பிள்ளை வந்துவிட்டது. கொடுக்கும் மனநிறைவும் குறையவில்லை, வாசற்கதவைத் திறக்கவும் வேண்டியதில்லை. நிசன்பாமின் மிகக் கூர்மையான வாசிப்பு இதுதான்.

மரத்தின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்ட ஊசியிலை மரங்களைப் பற்றி 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து அரண்மனைக்கு அதைக் கொண்டுவந்தவர் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு முன்பே, 1800 டிசம்பரில், மூன்றாம் ஜார்ஜின் ஜெர்மானிய மனைவி சார்லட் வின்சரில் குழந்தைகளுக்காக மரம் வைத்திருக்கிறார். ஆல்பர்ட் காலத்தில் சேர்ந்தது அச்சு ஊடகம். 1848 டிசம்பரில் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ், அரச தம்பதியும் பிள்ளைகளும் மேசைமேல் வைத்த மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை வெளியிட்டது. 1850இல் அமெரிக்காவின் ‘கோடிஸ் லேடிஸ் புக்’ அதே படத்தைக் கொஞ்சம் திருத்திப் போட்டது. விக்டோரியாவின் தலையணியை எடுத்துவிட்டார்கள், ஆல்பர்ட்டின் மீசையையும் எடுத்துவிட்டார்கள். அரச குடும்பம் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு நல்ல அமெரிக்கக் குடும்பமாகிவிட்டது. ஒரு கொண்டாட்ட முறை பரவுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இருக்க முடியாது.

சமையலறைக்கு வருவோம். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்குள் முதல் பதிப்பின் 6,000 படிகளும் தீர்ந்தன. விலை 5 ஷில்லிங். கதையில் வரும் ஏழை எழுத்தர் பாப் கிராச்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க அவருக்கு வாரச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு ஆகியிருக்கும். குடும்பக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆங்கில இலக்கியத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம் அந்தக் கிராச்சிட் வீட்டு விருந்துதான். அதில் பலர் கவனிக்காத விவரம் ஒன்று உண்டு: வாத்து அந்த வீட்டில் வேகவில்லை. பிள்ளைகள் போய் ரொட்டிக்கடையிலிருந்து அதைத் தூக்கிவருகிறார்கள்.

காரணம் எளிது. அன்றைய லண்டன் ஏழை வீட்டில் கணப்படுப்பு உண்டு, முழுப் பறவையை வாட்டியெடுக்கும் வெதுப்பகச் சூளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி சுடுவதில்லை. ஆனால் சூளை சூடாகவே இருக்கும். அக்கம்பக்கத்தார் தங்கள் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, சிறு கூலிக்கு வேகவைத்து வாங்கிவருவார்கள். ஓய்வுநாளில் இதுவும் கூடாது என்று 1830களில் சர் ஆண்ட்ரூ ஆக்னியூ நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவந்தார், அவை தோற்றன. டிக்கன்ஸுக்கு அந்த முயற்சிமேல் இருந்த கோபம் கதைக்குள் இறங்கியிருக்கிறது. ஏழைகளின் சூடான ஒரே சாப்பாட்டைப் பறிப்பதேன் என்று பாப்பின் கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ், தன்னிடம் வந்த கிறிஸ்துமஸ் ஆவியிடம் கேட்கும் இடம் அதுதான். வீட்டுக்கேயுரிய இதமான விருந்து என்று நாம் போற்றும் காட்சி, தெருவின் பொதுச் சூளையில் வெந்தது. கிறிஸ்துமஸ் புட்டிங் மட்டும் வீட்டில் வேகிறது, அதுவும் துணி வெளுக்கும் செப்பு அண்டாவில். மூடியைத் திறந்ததும் சலவை நாள் வாசனை வருவதை டிக்கன்ஸ் மறைக்கவில்லை.

வாத்து வாங்கப் பணம்? அதற்கு ‘வாத்துச் சீட்டு’ இருந்தது. மதுக்கடையில் வாராவாரம் சில பென்னிகள் கட்டிவந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து, சில இடங்களில் ஒரு புட்டி ஜின்னும் சேர்ந்து கிடைக்கும். நம் ஊர்த் தீபாவளிச் சீட்டு நடக்கும் முறையேதான். ஆர்தர் கானன் டாயில் 1892 ஜனவரியில் வெளியிட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் திருட்டு மாணிக்கம் வயிற்றுக்குள் கிடக்கும் வாத்து, இப்படியொரு சீட்டில் விழுந்த வாத்துதான். வசதியானவர்கள் வான்கோழிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ரயில் வருவதற்கு முன் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலிருந்து வான்கோழிகளையும் வாத்துகளையும் மந்தை மந்தையாக லண்டனுக்கு நடத்தியே ஓட்டிவந்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய தானியத்தை மேய்ந்தபடியே வந்து சேரட்டும் என்று ஆகஸ்டிலேயே வாத்துகளைக் கிளப்பிவிடுவதை டேனியல் டீஃபோ 1720களில் எழுதியிருக்கிறார். 1861இல் இசபெல்லா பீட்டன் தம் புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலை வெளியிட்டபோது, நடுத்தரக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி தவிர்க்க முடியாததாகிவிட்டது.

டிக்கன்ஸின் முடிவையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மனம் திருந்திய ஸ்க்ரூஜ் பெரிய வான்கோழி ஒன்றை வாங்கி, அனுப்பியவர் பெயர் சொல்லாமல் குதிரை வண்டியில் கிராச்சிட் வீட்டுக்கு அனுப்புகிறார். பழைய முறையில் பாப் கிராச்சிட் ஸ்க்ரூஜின் வாசலுக்குப் போய் உரக்கக் கேட்டு உரிமையோடு வாங்கியிருப்பார். இங்கே கேட்கும் உரிமை போய், முதலாளியின் நல்ல மனம் ஒன்றே மிஞ்சுகிறது. டிக்கன்ஸ் அதைக் குறையாக நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன்.

புட்டிங்கில் இன்னொரு வரலாறு கிடக்கிறது. உலர்திராட்சை, மாட்டுக் கொழுப்பு, ரொட்டித்தூள், முட்டை, சர்க்கரை, மசாலா, பிராந்தி. எலைசா ஆக்டன் 1845இல் எழுதிய சமையல் நூலில் அதற்குக் கிறிஸ்துமஸின் பெயர் கிடைத்தது. இங்கிலாந்தின் தேசிய உணவு என்று கொண்டாடப்படும் இதில் உள்ளூர்ச் சரக்கு பாதிதான். 1926இல் அமைக்கப்பட்ட பேரரசுச் சந்தை வாரியம் அடுத்த ஆண்டே அதை ஒரு விளம்பரமாக்கியது. அரண்மனைச் சமையல்காரரின் ‘பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்’ செய்முறையை அச்சிட்டுப் பரப்பியது. ஆஸ்திரேலியத் திராட்சை, ஜமைக்கா ரம், சான்சிபார் கிராம்பு, இந்தியா அல்லது இலங்கையிலிருந்து பட்டை என்று பெரும்பாலான பொருள்களுக்கு ஒரு காலனி. லண்டன் வீட்டின் அண்டாவில் காலனிகள் எல்லாம் சேர்ந்து வெந்தன. கதவைச் சாத்திய வீட்டுக்குள் உலகச் சந்தை எவ்வளவு எளிதாக நுழைந்திருக்கிறது!

பரிசுகளிலும் சந்தையின் கை தொடக்கத்திலேயே இருந்தது. பண்டிகை முன்பு தூயதாக இருந்தது, பின்னால் வணிகர்கள் வந்து கெடுத்தார்கள் என்ற புலம்பலுக்கு ஆதாரம் குறைவு. குடும்பத்துக்குள் பரிசு கொடுக்கும் வழக்கம் பரவிய அதே ஆண்டுகளில்தான், பரிசாகக் கொடுப்பதற்கென்றே அச்சிட்ட அலங்காரப் புத்தகங்களும் வந்தன. லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1822 இறுதியில் வெளியிட்ட ஆண்டு மலர் அவ்வகையில் முன்னோடி. பளபளப்பான கட்டு, தங்க ஓரம், கொடுப்பவர் பெயரெழுதத் தனிப் பக்கம். கடையில் வாங்கியதையே கொடுக்கிறோம் என்ற உறுத்தல் தெரியாமல் அதைச் சொந்தமாக்க ஏதாவது செய்தாக வேண்டும். பின்னாளில் அந்த வேலையை வண்ணத்தாள் செய்தது. 1917இல் கான்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில் பொட்டலம் கட்டும் மெல்லிய தாள் தீர்ந்துபோனது. கடித உறைகளுக்கு உள்ளே ஒட்டும் பூவேலைத் தாளை எடுத்து விற்றார்கள். அது உடனே தீர்ந்தது. ஹால்மார்க் நிறுவனத்தின் பரிசுத்தாள் வணிகம் அங்கே தொடங்குகிறது.

இந்த வழக்கங்கள் எவ்வளவு இறுகிப்போயின என்பதற்கு நல்ல சான்று தியடோர் கேப்லோ என்ற சமூகவியலாளரின் ஆய்வு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்ற நடுத்தர ஊரில் 110 பேரிடம், ஒரு கிறிஸ்துமஸில் கொடுத்ததையும் பெற்றதையும் விசாரித்தார். 4,347 பரிசுகள் கணக்கில் வந்தன. 1984இல் வெளியான கட்டுரையில் அவர் சொல்வது இது: யாரும் எழுதிவைக்காத, கேட்டால் யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாத விதிகளை ஊர் முழுவதும் அப்படியே பின்பற்றுகிறது. பரிசைத் தாள் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள தம்பதியர் வீட்டில் மரம் வைத்தே ஆக வேண்டும். மணமாகாத, பிள்ளையில்லாதவர் வைப்பது பொருந்தாது. மனைவிக்கோ கணவனுக்கோ தரும் பரிசு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். பல பிள்ளைகள் இருந்தால் எல்லோருக்கும் சமமாக. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அதிகம், பிள்ளைகள் திருப்பிக் கொடுப்பது குறைவு. அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. அவருடைய முடிவின்படி, பரிசு என்பது உறவுகளின் மதிப்பை ஆண்டுக்கொரு முறை அறிவிக்கும் ஒரு மொழி. எந்த உறவு முக்கியம், எது தேய்கிறது என்பதைப் பொட்டலங்கள் சொல்லிவிடுகின்றன.

பொருளியலாளருக்கு இது புரியாது என்பதற்கும் ஒரு கட்டுரை இருக்கிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், பெற்ற பரிசுகளைத் தாமே வாங்குவதானால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார். விலைக்கும் அந்த மதிப்புக்கும் இடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்று கணக்கிட்டார். நண்பர்கள் தந்ததில் இழப்பு குறைவு, தூரத்து மூத்த உறவினர் தந்ததில் அதிகம். கணக்கு தவறில்லை. ஆனால் அத்தை தேடி வாங்கிய அளவு பொருந்தாத ஸ்வெட்டரில் ஸ்வெட்டர் ஒரு சின்னப் பகுதிதான்.

பிள்ளைகளே ஏன் பெறுபவர்கள் என்ற கேள்விக்கு மானிடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் வேறொரு விடை தந்தார். 1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் திஜோன் நகரில், பேராலயத்தின் முன், தேவாலயப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க, கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவப்பொம்மையை எரித்தார்கள்; திருநாளைப் புறச்சமயமாக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அதுபற்றி எழுதிய அவர், ஆண்டு சாயும் இருண்ட காலத்தில் பழங்குடிகள் இறந்தவர்களுக்குப் படைத்ததைத்தான் நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் என்றார். அழகான வாதம், ஆனால் சான்று மெலிவு. நியூயார்க் செல்வரின் பயம் எனக்கு இன்னும் நம்பத்தக்க காரணமாகத் தெரிகிறது.

பண்டிகை வீட்டுக்குள் வந்ததும் உழைப்பும் வீட்டுக்குள் வந்தது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். மேல்தளத்தில் குடும்பம் ஒன்றுகூடிய நாளில் அவர்கள் தங்கள் குடும்பத்தோடு இல்லை. பல வீடுகளில் அவர்களுக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசு, வேலைச் சீருடை தைத்துக்கொள்வதற்கான துணி. 1871இன் வங்கி விடுமுறைச் சட்டம் டிசம்பர் 26ஐ விடுமுறையாக்கியது. அதுவும் வங்கி எழுத்தருக்கு உதவிய அளவுக்குச் சமையற்காரிக்கு உதவவில்லை. வேலையாட்கள் இல்லாமற்போன 20ஆம் நூற்றாண்டில் அந்த வேலை முழுவதும் மனைவியின், தாயின் தலையில் விழுந்தது. மிக்கேலா டி லியோனார்டோ என்ற மானிடவியலாளர் கலிஃபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து 1987இல் எழுதிய கட்டுரை, இதற்கு ‘உறவு வேலை’ என்று பெயர் வைக்கிறது. யாருக்கு அட்டை அனுப்புவது, யாரை விருந்துக்கு அழைப்பது, யாருக்கு என்ன வாங்குவது என்று நினைவில் வைத்து நடத்துவது. கணவன் வழிச் சொந்தங்களுக்கும் அதைச் செய்பவள் மனைவிதான். மணமுறிவுக்குப் பிறகு ஆணின் உறவுகள் மெல்ல உதிர்ந்துவிடுவதை அவர் கண்டார். அவற்றைக் கட்டிக் காத்தவள் போய்விட்டாள் என்பதே காரணம். இதமான குடும்பப் பண்டிகை என்று பாராட்டும் எந்த எழுத்தும் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அரைகுறைதான்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பண்டிகை வந்த வழி வேறு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் ஜெர்மானியர்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே முத்துக்குளித்துறையில் கத்தோலிக்கம் வேரூன்றியிருந்தது. அதாவது, மேலே சொன்ன விக்டோரியக் கிறிஸ்துமஸ் உருவாவதற்கு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பின்னால் மிஷன் பங்களாக்கள் வழியாக மரமும் கேக்கும் வந்தாலும், நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து வீடுகளின் பண்டிகை அவற்றைச் சுற்றி அமையவில்லை. அங்கே முதன்மைப் பரிசு புதுத்துணி. அதைத் தாள் சுற்றி ரகசியமாக வைப்பதில்லை. பிள்ளைகளையே கடைக்குக் கூட்டிப்போய் எடுப்பார்கள், தைக்கக் கொடுத்தது வருமா என்று தையற்கடைக்கு நடையாய் நடப்பார்கள், அதிகாலை ஆராதனைக்கு அதை உடுத்திப் போவார்கள்.

சமையலும் அப்படியே. வெதுப்பகச் சூளை இல்லாத அடுப்படியில் கிறிஸ்துமஸ் என்றால் எண்ணெய்ச் சட்டி. அச்சுமுறுக்கு, கலகலா, அதிரசம், குமரிப் பக்கம் முந்திரிக்கொத்து. பத்து நாள் முன்பே மாவு இடித்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து சுட்டெடுப்பது. கேக் பேக்கரியிலிருந்து வந்தது, கிராச்சிட் வீட்டு வாத்தைப் போலவே. தலைச்சேரியில் 1883இல் மம்பள்ளி பாப்பு என்பவர் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டதற்காகக் கேக் செய்து கொடுத்ததைத் தென்னிந்தியக் கேக் வரலாற்றின் தொடக்கமாக அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். இன்றும் ஆராதனை முடிந்து வந்ததும் பெரும்பாலான வீடுகளில் சாப்பாடு இட்லி, தோசை, ஆட்டுக்கறிக் குழம்புதான்.

இங்கே கதவு சாத்தப்படவில்லை என்பதுதான் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. சுட்ட பலகாரத்தில் பெரும்பங்கு தட்டுகளில் ஏறித் தெருவிலுள்ள இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அந்தத் தட்டுகள் நிறைந்து திரும்பும். டிசம்பர் இரவுகளில் சபைப் பாடகர் குழு, கிறிஸ்துமஸ் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் வாசலில் பாடுகிறது. நேரம் நள்ளிரவானாலும் விளக்கைப் போட்டு எழுந்து காணிக்கையும் தேநீரும் பலகாரமும் கொடுக்கிறார்கள். மாசசூசெட்ஸ்காரர்கள் அபராதம் போட்டு ஒழிக்கப் பார்த்த, நியூயார்க் செல்வர்கள் கவிதை எழுதி மறக்கச் செய்த அந்த வாசற்பாட்டு, மிரட்டலும் குடியும் நீங்கி, பாளையங்கோட்டைத் தெருக்களில் உயிரோடிருக்கிறது. ஆனால் மாற்றமும் தெரிகிறது. பெருநகர அடுக்ககங்களில் கேரல் குழு கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சீட்டுக் குலுக்கிப் பரிசு தரும் வழக்கம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் மரத்தடியில் வண்ணத்தாள் பொட்டலங்கள் சேரத் தொடங்கியிருக்கின்றன. பலகாரத்துக்குக் கடையில் ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பெண்களுக்கு இடுப்பொடியும் வேலை குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியூயார்க் கிறிஸ்துமஸ் மாறியதை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிவதற்கு ஒரு காரணம், ஜான் பின்டார்டு மகளுக்கு எழுதிய வீட்டுக் கடிதங்களை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள் என்பது. பிற்காலத்தில் வரலாற்றுக் கழகம் அவற்றை நான்கு தொகுதிகளாக அச்சிட்டது. நம் வீடுகளிலும் அத்தகைய காகிதங்கள் உண்டு: ஜவுளிக் கணக்கு, எந்த வீட்டுக்கு எத்தனை அச்சுமுறுக்கு என்று எழுதிய பழைய நோட்டு, கேரல் குழுவின் வரவு செலவு, கொழும்பிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த பண்டிகைக் கடிதம். வீடு மாற்றும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி நூலகத்திடமோ சபை ஆவணக் காப்பகத்திடமோ கொடுத்துவையுங்கள். ஒரு படியாவது எடுத்துக் கொடுங்கள்.